வட ஆறுகளில் கடல் டிரவுட்டுக்கு ஃப்ளை தூண்டில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நார்வே, சுவீடன், ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய இடங்களின் ஆறுகளில் கோடைதோறும் ஏறிவரும் கடல் டிரவுட் மீனை, இறகும் நூலும் கட்டிய போலி இரையைக் கொண்டு பிடிக்கும் முறையைப் பற்றியது இந்தப் பக்கம். குளத்திலும் கடற்கரையிலும் தூண்டில் போட்டுப் பழகி, ஆற்றில் ஃப்ளை தூண்டிலை இதுவரை கையில் எடுக்காதவரை மனத்தில் வைத்தே விடைகள் எழுதப்பட்டுள்ளன.

கடல் டிரவுட் என்பது தனி இனமா?

இல்லை. ஆற்றிலேயே பிறந்து ஆற்றிலேயே மடியும் பழுப்பு டிரவுட்டும், இளமையில் கடலுக்குப் போய்ப் பெருத்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் கடல் டிரவுட்டும் ஒரே இனம்தான். அதன் அறிவியல் பெயர் சால்மோ ட்ரூட்டா. ஆயினும் கண்ணால் பார்ப்பவர் இதை எளிதில் நம்பமாட்டார். ஆற்று மீன் பழுப்பும் பொன்னுமாய், சிவப்புப் புள்ளிகளோடு இருக்கும். கடலிலிருந்து புதிதாக ஏறிய மீனோ தேய்த்து வைத்த வெள்ளித் தட்டுபோல் மின்னும். உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸே 1758இல் இந்த ஒரு மீனை மூன்று இனங்களாகப் பிரித்து மூன்று பெயர் சூட்டினார் என்றால், மற்றவர்கள் குழம்பியதில் வியப்பில்லை. வேல்ஸ் மக்கள் இதைச் செவின் என்பார்கள். கடலில் சில மாதங்கள் மட்டுமே இருந்துவிட்டு அதே ஆண்டில் திரும்பும் கால் கிலோ, அரைக் கிலோ மீனுக்கு ஸ்காட்லாந்தில் ஃபின்னக் என்று தனிப்பெயரே உண்டு.

ஒரே இனம் என்றால், சில மீன்கள் மட்டும் ஏன் கடலுக்குப் போகின்றன?

பிறப்பும் பசியும் சேர்ந்து முடிவு செய்கின்றன. ஓடையில் இரை போதாமல் போகும்போது, போகும் இயல்பு மரபில் உள்ள குஞ்சுகள் கிளம்பிவிடுகின்றன. போகிறவற்றில் பெண் மீன்களே மிகுதி. உடல் பெருத்தால் சினை பெருகும் என்பதால் கடலின் ஆபத்தை ஏற்பது பெண்ணுக்கு இலாபம். ஆண் மீனோ ஒரு சாண் உடம்போடு ஓடையிலேயே ஒளிந்திருந்து, முட்டையிடும் நேரத்தில் பெரிய ஆண் மீன்களுக்கிடையே புகுந்து தன் பங்கை முடித்துக்கொள்ள முடியும்.

குஞ்சு ஆற்றில் 1 முதல் 4 ஆண்டுகள் வரை கழிக்கும். வடக்கே குளிர் கூடக்கூட இந்தக் காலம் இன்னும் நீளும். பிறகு ஒரு வசந்தத்தில் அதன் பழுப்பு மறைந்து வெள்ளி படர்கிறது, உப்புநீரைத் தாங்கும்படி உடலின் உள்வேலைகள் மாறுகின்றன, அது நீரோட்டத்தோடு இறங்கிவிடுகிறது. இந்நிலைக் குஞ்சை ஸ்மோல்ட் என்கிறார்கள். சால்மனைப்போல் கிரீன்லாந்து வரை நெடும்பயணம் போகாமல், கடல் டிரவுட் பெரும்பாலும் கரையோரத்திலும், மலைகளுக்கிடையே நீளும் ஃபியோர்டு என்னும் ஒடுங்கிய கடல் நுழைவுகளிலும் தங்கிச் சிறு ஹெர்ரிங், மணல் விலாங்கு, இறால் இனங்கள், கடற்புழு ஆகியவற்றைத் தின்று கொழுக்கிறது. நம் ஊர் விலாங்கு ஆற்றில் வளர்ந்து கடலுக்குப் போய் முட்டையிடுகிறது. டிரவுட்டின் வழி அதற்கு நேர் எதிர்.

ஆற்றுக்கு வந்தபின் இது சாப்பிடுவதில்லை என்கிறார்களே, பிறகு எப்படித் தூண்டிலைக் கவ்வும்?

கடல் டிரவுட் மீன்பிடியின் மொத்தப் புதிரும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. ஏறிவந்த மீன் கடலில் சேர்த்த கொழுப்பைச் செலவழித்துக்கொண்டு இலையுதிர்காலம் வரை மடுவில் காத்திருக்கிறது. வயிற்றைக் கீறிப் பார்த்தால் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். ஆனாலும் கவ்வுகிறது. பழைய வேட்டைப் பழக்கம் என்பார் ஒருவர், எரிச்சல் என்பார் இன்னொருவர், தன் இடத்துக்குள் நுழைந்ததை விரட்டும் குணம் என்பார் மூன்றாமவர். எது சரியானாலும் தூண்டில்காரருக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றே: பசியில்லாத விருந்தாளியின் முன் எந்தப் பலகாரத்தை வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் பயனில்லை. அது பயமின்றி இருக்கும் நேரம் எது, இருக்கும் இடம் எது, அங்கே சத்தமில்லாமல் எப்படிப் போவது என்பவையே முதன்மையானவை. போலி இரைப் பெட்டியில் நூறு வகை வைத்திருப்பவரைவிட, ஒரே வகையை வைத்துக்கொண்டு மடுவின் அருகே அரைமணி நேரம் அசையாமல் உட்காரத் தெரிந்தவர் அதிக மீன் பிடிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஃப்ளை தூண்டிலுக்கும் சாதாரணத் தூண்டிலுக்கும் என்ன வேறுபாடு?

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டோ இரையோ எடையாக இருந்து தங்கூசியை இழுத்துக்கொண்டு பறக்கிறது. ஃப்ளை என்பது முள்ளில் கட்டிய இறகும் முடியும். அதற்கு எடையே இல்லை. ஆகவே எடை கயிற்றில் இருக்கிறது. தடித்த, மேலுறை பூசிய லைனைக் கழியால் பின்னுக்கும் முன்னுக்கும் சாட்டைபோல் விரித்து வீச, அது நுனியில் உள்ள ஃப்ளையைத் தன்னோடு கொண்டுபோகிறது. லைனுக்கும் ஃப்ளைக்கும் இடையே, மீன் கண்ணில் படாத மெல்லிய நைலான் துண்டு ஒன்று உண்டு. அதற்கு லீடர் என்று பெயர். பின்னால் மரம் இருந்தால் சாட்டை வீச்சு முடியாது. அங்கே லைனைத் தண்ணீரின் மேலேயே வளைத்து, நீரின் பிடிப்பைக் கொண்டு முன்னால் உருட்டிவிடுவார்கள். ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றங்கரையில் வளர்ந்த முறை அது. இன்றும் அந்த ஆற்றின் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

எந்த ஆறுகள் பேர்பெற்றவை?

தென் சுவீடனின் பிளேக்கிங்கே மாகாணத்தில் ஓடும் மொரும் ஆறு முதலில் சொல்லத்தக்கது. அங்கே மடுக்களுக்கு எண்ணிட்டு, அனுமதி அட்டை கொடுத்து, அரசுக் காட்டு நிறுவனமே மீன்பிடியை நடத்துகிறது. பால்டிக் கடலில் மேய்ந்து வரும் அந்த ஆற்று மீன் உருவத்தில் பெரியது. 5 கிலோ மீன் அங்கே அதிசயமன்று, 10 கிலோவைத் தாண்டியதும் உண்டு. நார்வேயின் சோக்னே ஃபியோர்டில் விழும் லேர்டால், ஆவுர்லாண்ட் ஆகிய இரண்டும் கண்ணாடிபோல் தெளிந்த மலையாறுகள். ஆவுர்லாண்டில் நீர்மின் திட்டம் வந்தபின் பழைய நீரோட்டம் இல்லை. வேல்ஸில் டவி, டெய்வி, டவ்வி ஆகியவை இரவு மீன்பிடிக்கே பெயர்போனவை. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் மீன் சிறிது, பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள். ஆனால் ஆறும் சிறிது என்பதால் ஒற்றைக் கைக் கழியோடு நாள் முழுக்க நடந்து பிடிக்கலாம். முதன்முறை போகிறவருக்கு நான் பரிந்துரைப்பது இத்தகைய சிற்றாற்றைத்தான். பெரிய மீனுக்கு ஆசைப்பட்டு மொருமில் தொடங்கி, மூன்று நாள் ஒரு தொடுகையும் இல்லாமல் திரும்பியவர்கள் பலர்.

எந்த மாதங்களில் போகலாம்?

பெரிய மீன் முன்னால் வரும், சிறிய மீன் பின்னால் வரும் என்பது பொது விதி. வேல்ஸில் ஏப்ரல், மே மாதங்களிலேயே பெரியவை சில தலைகாட்டும். ஜூன் பிற்பகுதி முதல் ஆகஸ்ட் வரை கூட்டம் ஏறும். நார்வேயின் மேற்கில் ஜூலையும் ஆகஸ்டும் சிறந்தவை. முட்டையிடும் காலம் அக்டோபரிலிருந்து தொடங்குவதால் அதற்கு முன்பே பெரும்பாலான ஆறுகளில் பருவம் மூடப்பட்டுவிடும். ஆற்றுக்கு ஆறு தேதி மாறும் என்பதால், பயணச்சீட்டு வாங்கும் முன் அந்தந்த ஆற்றின் அவ்வாண்டு விதியைப் பார்த்துவிட வேண்டும்.

இதை ஏன் இரவில் பிடிக்கிறார்கள்?

பகலில் கடல் டிரவுட் ஆற்றிலேயே மிகக் கோழையான மீன். தாழ்ந்த, தெளிந்த நீரில், மர நிழலோ ஆழமோ உள்ள இடத்தில் நிறையச் சேர்ந்து சிலைபோல் நிற்கும். கரையில் ஒருவர் கை உயர்த்தினால் அத்தனையும் கலைந்து மடுவின் அடிக்குப் போய்விடும். இருட்டியதும் அவற்றின் குணம் மாறுகிறது. ஆழத்தைவிட்டு மடுவின் கடைப்பகுதிக்கு, முழங்கால் அளவு நீர் வழுக்கி ஓடும் இடத்துக்கு, இறங்கிவருகின்றன. பகலில் குஞ்சு மீன் மட்டும் விளையாடிய அந்த மேட்டில் இரவில் 3 கிலோ மீன் முதுகு தெரிய நிற்கும்.

ஆகவே இரவு மீன்பிடி பகலிலேயே தொடங்குகிறது. வெளிச்சம் இருக்கும்போதே போய், எந்தக் கல்லில் கால் வைப்பது, எங்கே ஆழம், பின்னால் எந்தக் கிளை, எதிர்க்கரை எத்தனை முழம் லைன் தூரம் என்றெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டும். பிறகு மாலையில் வந்து கரையில் உட்கார வேண்டும். அவசரப்பட்டு முதல் வீச்சை வீசுவதுதான் புதியவர் செய்யும் தலையாய பிழை. அரைவெளிச்சத்தில் ஒருமுறை மிரட்டப்பட்ட மடு அன்றிரவு முழுவதும் பாழ். எதிர்க்கரையிலுள்ள புல்லின் பச்சை நிறம் போய் எல்லாம் சாம்பலாகத் தெரியும்வரை பொறு என்பது பழைய கைகளின் விதி. அதைக் காட்டிலும் நல்ல கடிகாரம் எனக்குத் தெரியாது.

நள்ளிரவு வாக்கில், காற்று குளிர்ந்து, மீன் அடங்கிவிட்டதுபோல் ஓர் இடைவேளை வரும். பலரும் அப்போது மூட்டை கட்டிவிடுவார்கள். தேநீர் குடித்துவிட்டு, மிதக்கும் லைனைக் கழற்றி மூழ்கும் லைனைப் பூட்டி, ஃப்ளையைத் தாழ்த்தி மெதுவாக இழுப்பவருக்கே இரண்டாம் சாமம் மீன் தருகிறது. அந்நேரத்து மீன் பெரும்பாலும் பெரிய மீன். ஆற்றின் மேல் வெண்புகைபோல் மூடுபனி படர்ந்து நின்றால் மட்டும் நானும் வீட்டுக்குப் போய்விடுவேன். அத்தகைய இரவில் எனக்கு எதுவும் கிடைத்ததில்லை.

வடக்கே கோடையில் இருட்டே வராதே, அங்கே என்ன செய்வது?

நியாயமான கேள்வி. வட நார்வேயின் டிரொம்சோ நகரில் மே பிற்பகுதியிலிருந்து ஜூலை பிற்பகுதி வரை சூரியன் மறைவதே இல்லை. அத்தகைய இடங்களில் மலை நிழல்தான் இரவு. சூரியன் தாழ்ந்து, பள்ளத்தாக்கின் வடக்குச் சரிவு ஆற்றின் மேல் நிழல் போடும் சில மணி நேரமே வேலைக்கு உகந்தது. ஆற்றின் எந்த வளைவில் எப்போது நிழல் விழுகிறது என்பதை முதல் நாளே குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். மேகம் கவிந்து தூறல் விழும் நாள் அங்கே வரம். ஆகஸ்ட் பிறந்தபின் உண்மையான இருட்டு சிறிது சிறிதாகத் திரும்பி வரும்போது, அதுவரை வாய் திறக்காத மீன்கள் கவ்வத் தொடங்குகின்றன. சற்றே தெற்கில், சோக்னே ஃபியோர்டு போன்ற இடங்களில், ஜூன் இரவு அந்தி மங்கலாகவே நீடித்து விடிந்துவிடும். அங்கே மீன்பிடிக்க உகந்த நேரம் இரண்டு மூன்று மணிதான்.

எத்தகைய கழியும் லைனும் தேவை?

சிற்றாற்றுக்கு 9½ அல்லது 10 அடி நீள ஒற்றைக் கைக் கழி, 7ஆம் எண் லைன் (எண் லைனின் எடையைக் குறிக்கும்), போதும். மொரும் போன்ற அகன்ற, வேகமான ஆற்றுக்கு 12 முதல் 13 அடி வரையிலான இரட்டைக் கைக் கழி வசதி. மிதக்கும் லைன் ஒன்று, மெல்ல மூழ்கும் லைன் ஒன்று, இரண்டும் வேண்டும். இரவில் மெல்லிய நைலான் தேவையில்லை. மீன் அதைப் பார்ப்பதில்லை, நீங்கள்தான் சிக்கெடுக்க முடியாமல் தவிப்பீர்கள். 0.28 மில்லிமீட்டர் தடிப்புக்குக் குறையாமல் கட்டுங்கள். ரீலைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்; சீராக நூல் விட்டுக்கொடுத்தால் போதும்.

தலைவிளக்கு அவசியம், ஆனால் அதைத் தண்ணீரின் பக்கம் ஒருபோதும் திருப்பக் கூடாது. ஃப்ளை மாற்ற வேண்டுமானால் ஆற்றுக்கு முதுகு காட்டி நின்று, சிவப்பு வெளிச்சத்தில் மாற்ற வேண்டும்.

எந்த ஃப்ளையைக் கட்டுவது?

மூன்று போதும். ஒன்று, பிரித்தானிய ஆறுகளில் நெடுங்காலமாக வழங்கும் டீல் புளூ சில்வர். முள்ளின் தண்டில் வெள்ளிச் சரிகையை இடைவெளியின்றிச் சுற்றி, கழுத்தில் நீலச் சாயமிட்ட இறகை இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே கிளுவை வாத்தின் விலாப்புற இறகை இறக்கைபோல் படியவைத்துக் கட்டுவார்கள். அந்த இறகில் கறுப்பும் வெள்ளையுமாக ஓடும் மெல்லிய வரிகள், நனைந்ததும் ஒன்றாய்ச் சுருங்கி, சிறு மீனின் முதுகைப்போல் துடிக்கும். கடலில் தின்ற ஹெர்ரிங் குஞ்சின் நினைவு மீனுக்கு இன்னும் இருக்கிறது என்று நம்புபவர்களுக்கு இது பிரியமான ஃப்ளை.

இரண்டாவது, நெகிழிக் குழாயின் மேல் நீண்ட கறுப்பு முடி கட்டிய, விரல் நீளமுள்ள டியூப் ஃப்ளை. ஸ்காண்டிநேவியாவில் இதுவே அரசன். இருட்டில் கறுப்பு எதற்கு என்று கேட்பார்கள். மீன் கீழிருந்து மேலே பார்க்கிறது. எவ்வளவு இருண்ட இரவிலும் வானம் தண்ணீரைவிடச் சற்று வெளுப்பு. அந்த வெளுப்பில் கறுப்புருவமே துல்லியமாகத் தெரியும். மூன்றாவது, நீரின் மேல் கோடு கிழித்துக்கொண்டு போகும் மிதப்பு ஃப்ளை. காற்றில்லாத, வெதுவெதுப்பான இரவில் அதன் பின்னால் நீர் வீங்கி வருவதைக் காதால் கேட்டே பிடிக்க வேண்டியிருக்கும்.

எப்படி வீசி எப்படி இழுப்பது?

மடுவின் தலைப்பகுதியில் நின்று, ஓட்டத்துக்குக் குறுக்காகவும் சற்றுக் கீழ்நோக்கியும், எதிர்க்கரையை 45 பாகைச் சாய்வில் குறிவைத்து வீச வேண்டும். ஃப்ளை நீரில் விழுந்ததும் ஓட்டம் லைனை வில்லாக வளைத்து இழுக்கப் பார்க்கும். அப்போது கழி நுனியால் லைனை மெல்லத் தூக்கி, ஆறு வரும் திசைப்பக்கம் போட்டால் ஃப்ளை தன் வேகத்தில் நிதானமாக ஆற்றைக் கடக்கும். அது உங்கள் கரையோரம் வந்து தொங்கியபின் உடனே எடுக்காமல், இடக்கையால் சிறிது சிறிதாக லைனை இழுத்துச் சேருங்கள். பின்தொடர்ந்து வந்த மீன் பெரும்பாலும் அந்தக் கடைசி இரண்டு முழத்தில்தான் முடிவெடுக்கிறது. பிறகு இரண்டடி கீழே நகர்ந்து மீண்டும் வீச வேண்டும். இப்படியே மடுவின் கடைசி வரை.

நடை மிக முக்கியம். தண்ணீரில் காலைத் தூக்கி வைக்கக் கூடாது. தேய்த்து நகர்த்த வேண்டும். முழங்காலில் மோதிக் கிளம்பும் ஒரு சிற்றலை அமைதியான மடுவில் அக்கரை வரை போகும். சரளையில் ஊன்றுகோல் இரும்பு நுனி கிரீச்சிட்டால் அதைக் காட்டிலும் மோசம். இறங்காமல் கரையிலிருந்தே வீச முடியுமானால் இறங்கவே வேண்டாம்.

கவ்வியது எப்படித் தெரியும்? கவ்வியதும் என்ன செய்ய வேண்டும்?

இரண்டு விதமாகத் தெரியும். சில சமயம் யாரோ லைனை இரண்டு விரலால் நிமிண்டியதுபோல் ஒரு தொடுகை மட்டும். அதற்குக் கழியைச் சட்டென்று தூக்கினால் முள் வழுவிவிடும், தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருப்பது நல்லது. சில சமயம் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் லைன் கையைவிட்டுப் பிய்த்துக்கொண்டு போகும், அதே நொடியில் இருட்டில் எங்கோ ஒரு பாறை ஆற்றில் விழுந்ததுபோல் ஓசை கேட்கும். அது நீங்கள் பிடித்த மீன் துள்ளிய ஓசை என்று புரிய ஒரு கணம் ஆகும்.

கடல் டிரவுட்டின் வாய்த் தசை மென்மையானது. முரட்டுத்தனமாக இழுத்தால் முள் கிழித்துக்கொண்டு வந்துவிடும். முதல் ஓட்டத்துக்கு நூலை விட்டுக்கொடுத்து, அது நின்றதும் சுற்றி, மீண்டும் ஓடினால் மீண்டும் விட்டு, கடைசியில் ஆழமற்ற ஓரத்தில் முடிச்சில்லாத வலையை நீருக்குள் தாழ்த்தி வைத்துக்கொண்டு அதன்மேல் மீனைக் கொண்டுவர வேண்டும். வலையால் மீனைத் துரத்தக் கூடாது.

மழைக்குப் பின் போகலாமா, வறட்சியில் போகலாமா?

மழை பெய்து ஆறு பெருகி, கலங்கல் வடிந்து, தேநீர் நிறத்துக்குத் தெளிந்துவரும் நாளே பொன்னான நாள். அந்தப் பெருக்கில் புதிய மீன் கடலிலிருந்து ஏறியிருக்கும், அன்று பகலிலும் கவ்வும். ஏறிவரும் வெள்ளத்தில், இலையும் சருகும் மிதந்துவரும்போது, வீசுவது வீண். நீண்ட வறட்சியில் இரவு மட்டுமே கைகொடுக்கும். ஆனால் நீரின் வெப்பம் 20 பாகை செல்சியஸை நெருங்கினால் தூண்டிலையே ஒதுக்கிவையுங்கள். அந்த வெப்பத்தில் களைத்த மீனை விட்டாலும் அது பிழைப்பது அரிது.

பிடித்தது சால்மனா, கடல் டிரவுட்டா என்று எப்படி அறிவது?

விதிகள் இரண்டுக்கும் வேறு வேறாக இருப்பதால் இதில் தவறு கூடாது. சால்மனுக்கு வால் அடிப்பகுதி ஒடுங்கி, வால் விரிந்து, உட்குழிந்த விளிம்போடு இருக்கும். வாலைப் பிடித்துத் தூக்கினால் கையில் நிற்கும். கடல் டிரவுட்டின் வாலடி தடித்தது, விளிம்பு ஏறக்குறைய நேர்க்கோடு. பிடித்தால் சோப்புக்கட்டியைப்போல் வழுக்கும். டிரவுட்டின் மேல்தாடை எலும்பு கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும், சால்மனில் கண்ணளவோடு நின்றுவிடும். விலாக்கோட்டுக்கு, அதாவது உடலின் பக்கவாட்டில் தலையிலிருந்து வால்வரை ஓடும் கோட்டுக்கு, கீழேயும் புள்ளிகள் நிறைய இருந்தால் டிரவுட். ஐயம் தீராவிட்டால், கொழுப்புத் துடுப்பின் (முதுகில் வாலுக்கு அருகே உள்ள சிறு சதைத் துடுப்பு) பின்னோரத்திலிருந்து விலாக்கோடு வரை சாய்வாகச் செதில்களை எண்ணலாம்: சால்மனில் 10 முதல் 13, டிரவுட்டில் 13 முதல் 16. இருட்டில், துள்ளும் மீனில், செதில் எண்ணுவது யாராலும் ஆகாது. ஐயம் இருந்தால் விட்டுவிடுவதே வழி.

கெல்ட் என்கிறார்களே, அது என்ன?

முட்டையிட்டு முடித்து, மெலிந்து, தலை பெரிதாகவும் வயிறு ஒட்டியும் வசந்தத்தில் கடலுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் மீன். சால்மன்களில் பெரும்பாலானவை ஒருமுறை முட்டையிட்டதோடு மடிகின்றன. கடல் டிரவுட்டோ பிழைத்து, மீண்டும் கடலுக்குப் போய்ப் பெருத்து, பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப வரக்கூடியது. செதிலை உருப்பெருக்கியில் பார்த்தால், மர வளையம்போல், அத்தனை பயணங்களும் அதில் பதிந்திருக்கும். பசியோடு போகும் கெல்ட் எதையும் கவ்வும். அதனாலேயே தொடக்கக்காரருக்கு அது பெரிய மீனாகத் தோன்றி மயக்கும். நீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி விட்டுவிட வேண்டும்.

அனுமதி எப்படிப் பெறுவது?

நாட்டுக்கு நாடு வேறு. நார்வேயில் சால்மன், கடல் டிரவுட் ஏறும் ஆறுகளுக்கு 18 வயது நிரம்பியோர் அரசுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். அதன்மேல் அந்த ஆற்றுக்கான அட்டையையும் வாங்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 13 வயது முதல் தூண்டில் உரிமம் வேண்டும். அதோடு கரைக்கு உரிமையுள்ளவரின் அனுமதியும் வேண்டும். ஸ்காட்லாந்தில் அரசு உரிமம் கிடையாது, கரைக்காரரின் அனுமதி போதும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சால்மனுக்கும் கடல் டிரவுட்டுக்கும் தூண்டில் போடுவது சட்டப்படி குற்றம். பின்லாந்தில் கொழுப்புத் துடுப்பு வெட்டப்படாத கடல் டிரவுட், அதாவது இயற்கையில் பிறந்தது, பால்டிக்கில் கிடைத்தால் விட்டே ஆக வேண்டும். பொரிப்பகத்தில் வளர்த்து விட்ட மீனுக்கு அந்தச் சிறு துடுப்பு முன்பே வெட்டப்பட்டிருக்கும்.

விதிகள் பருவத்தின் நடுவிலும் மாறும். 2024 ஜூன் மாதம், சால்மன் வரத்து குறைந்ததால், நார்வே ஒரே அறிவிப்பில் 33 ஆறுகளில் சால்மன் பிடியை நிறுத்தியது. பயணத்துக்கு முன்பணம் கட்டியவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

என் காலணியையும் வலையையும் ஏன் மருந்துநீரில் முக்கச் சொல்கிறார்கள்?

கைரோடாக்டைலஸ் சலாரிஸ் என்ற, அரை மில்லிமீட்டர் அளவுள்ள ஒட்டுண்ணிக்காக. 1970களில் பால்டிக் பகுதியின் பொரிப்பக மீன்களோடு நார்வேக்கு வந்த அது, அங்கிருந்த சால்மன் குஞ்சுகளை ஆறு ஆறாக அழித்தது. லேர்டால் ஆற்றில் 1996இல் காணப்பட்டது. 2017இல்தான் அந்த ஆறு நோயற்றது என்று அறிவிக்கப்பட்டது. பல ஆறுகளில் அதை ஒழிக்க ரோட்டினோன் என்னும் நஞ்சை ஊற்றி ஆற்றிலுள்ள அத்தனை மீனையும் கொல்ல வேண்டியிருந்தது. கடல் டிரவுட்டுக்கு இந்த ஒட்டுண்ணியால் பெரிய தீங்கில்லை, ஆனால் அந்த நஞ்சு டிரவுட்டையும் விட்டுவைப்பதில்லை. வேடர் (wader) என்னும், நீரில் இறங்க அணியும் நீர்புகா உடையின் ஈரம் காயாத ஒரு காலணி இதை ஆற்றுக்கு ஆறு கொண்டுபோகப் போதும். ஆகவே கிருமிநீக்கச் சான்று கேட்கும் ஊழியரிடம் முகம் சுளிக்காதீர்கள்.

கடல் டிரவுட் குறைந்து வருகிறது என்பது உண்மையா?

பல இடங்களில் உண்மை. ஸ்காட்லாந்தின் லோக் மரீ ஏரி ஒருகாலத்தில் உலகெங்குமிருந்து தூண்டில்காரர்களை ஈர்த்தது; 1980களின் பிற்பகுதியில் அதன் கடல் டிரவுட் வரத்து சரிந்து, பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. அதன் கடல்வாயிலான லோக் யூவில் சால்மன் பண்ணை வந்ததும் அதே ஆண்டுகளில்தான். இரண்டுக்கும் உள்ள தொடர்பை இன்றும் வாதிடுகிறார்கள். என் மனம் தூண்டில்காரர்களின் பக்கம்தான் சாய்கிறது. மிதவைக் கூண்டுகளில் இலட்சக்கணக்கில் அடைத்து வளர்க்கும் சால்மனிடமிருந்து, மீனின் தோலில் ஒட்டி வாழும் கடற்பேன் பெருகி, கரையோரத்திலேயே மேயும் டிரவுட்டின் மேல் ஏறுகிறது. சால்மன் குஞ்சு அந்த வழியைச் சில வாரங்களில் கடந்துவிடும். டிரவுட்டோ கோடை முழுவதும் அங்கேயே இருக்க வேண்டியது. பேன் பற்றிய குஞ்சுகள் அதை உதிர்க்க, வளராமலேயே நன்னீருக்கு ஓடிவருவதைக் காணலாம். நார்வே 2017 முதல் தன் கடற்கரையை 13 பகுதிகளாகப் பிரித்து, பேனின் பாதிப்பைப் பொறுத்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று குறித்துப் பண்ணை வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் அந்தக் கணக்கு சால்மன் குஞ்சை வைத்துப் போடப்படுகிறது, டிரவுட்டை வைத்து அன்று.

நல்ல செய்தியும் உண்டு. மொரும் ஆற்றின் மாரியெபெரி அணை 2020இல் அகற்றப்பட்டது; நெடுங்காலம் தேங்கிக் கிடந்த நீர் மீண்டும் சரளைமேல் ஓட, மீன் முட்டையிட இடம் கிடைத்திருக்கிறது.

இரவில் ஆற்றில் இறங்குவது ஆபத்தல்லவா?

ஆபத்துதான். தனியாகப் போகாதீர்கள், போனால் எந்த மடு என்று சொல்லிவிட்டுப் போங்கள். வேடரின் இடுப்புப் பட்டையை இறுக்குங்கள். காற்றடைத்த மிதவைச் சட்டை அணியுங்கள். விழுந்துவிட்டால் எழ முயலாமல், மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி, கரையோரம் ஒதுங்குங்கள்.

தமிழ்நாட்டில் கடல் டிரவுட் உண்டா?

இல்லை, இருக்கவும் முடியாது. இதே சால்மோ ட்ரூட்டாவை 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார்கள், அது நிலைக்கவில்லை. பின்னர் அவலாஞ்சி பொரிப்பகத்தின் வழியே நீலகிரி ஓடைகளில் நிலைத்தது வட அமெரிக்காவின் வானவில் டிரவுட். ஓடை நீர் மேட்டில் குளிர்ந்திருந்தாலும், மலையைவிட்டுப் பவானியில் இறங்கும்போது டிரவுட் தாங்கமுடியாத அளவுக்கு வெதுவெதுத்துவிடும். கடலுக்கு வழி இருந்தும் அந்த வழியே ஒரு குஞ்சுகூட உயிரோடு போக முடியாது. டாஸ்மேனியாவுக்கு 1864இல் கொண்டுபோன முட்டைகளுக்கு அந்தத் தடை இருக்கவில்லை. அங்கே ஆறு கடல்வரை குளிர்ந்தே ஓடியது. பொரித்த மீன்களின் வழித்தோன்றல்களில் ஒரு பகுதி, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, கடலுக்குப் போய்த் திரும்பத் தொடங்கியது.